புது ஸ்கோப் மாட்டியதும் குரூப் விரிகிறது: பழி ஸ்கோப் மேலா, வேறெதன் மேலா?

#1 குறிமுனை

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது .22 எல்ஆர் போல்ட் ஆக்‌ஷன் டார்கெட் ரைபிள். பெஞ்சில் உட்கார்ந்து 50 மீட்டரில் சுடுவதுதான் வழக்கம். அடுத்து 100 மீட்டருக்கும் போகலாம் என்று ஆசை. இதுவரை இதில் இருந்தது ஒரு பழைய 4-12×40 ஸ்கோப் (4 முதல் 12 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்குக் குறி, முகப்புக் கண்ணாடி 40 மி.மீ), முன்பக்க வளையத்தைத் திருப்பித் தூரம் வைக்கும் வகை. ஐந்து குண்டு குரூப் (ஓட்டைகள் பரவும் அகலம்) சாதாரணமாக 12, 13 மி.மீ-க்குள் நிற்கும்.

இப்போது சோதித்துப் பார்க்க இரண்டு ஸ்கோப் கையில் இருக்கிறது. ஒன்று புதுசு: 6-24×50, 30 மி.மீ குழாய், 0.1 மில் கிளிக் (ஒரு மில் என்றால் 100 மீட்டரில் 10 செ.மீ), பக்கவாட்டில் ஃபோகஸ் குமிழ். இன்னொன்று நண்பர் தந்த 3-9×40. பெரிய காலிபர் ரைபிளில் இருந்து கழற்றியது, பேரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறுக்குக் கம்பியும் டார்கெட் மேல் நகர்வதாகத் தெரியும் பிழை) 100 கெஜத்தில் மட்டும் இல்லாதபடி நிலையாக வைத்தது.

6-24-ஐ மாட்டியதும் படம் கண்ணாடி மாதிரி தெளிவு. ஆனால் குரூப் 20 மி.மீ-க்கு விரிந்துவிட்டது, அதுவும் பெரும்பாலும் பக்கவாட்டில். 3-9-இல் இன்னும் வேடிக்கை: கன்னத்தைக் கொஞ்சம் நகர்த்தினாலே குறுக்குக் கம்பி டார்கெட் மேல் நடக்கிறது. எதில் இருந்து தொடங்கிப் பார்ப்பது?

#2 செம்பருந்து

முதலில் ஒரு கேள்வி. பழைய ஸ்கோப்பில் 12 மி.மீ கிடைத்த அதே தோட்டா, அதே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணா இப்போதும்? .22-இல் ஒரே பெயர், ஒரே டப்பா என்றாலும் லாட் மாறினால் ரைபிளின் குணமே மாறிவிடும். சாதாரண வேகத் தோட்டா வினாடிக்கு 325 மீட்டர் அளவில் கிளம்புகிறது. அதில் 10 மீட்டர் ஏறி இறங்கினால் 50 மீட்டரிலேயே 7 மி.மீ மேலும் கீழும் ஆகும், 100 மீட்டரில் 3 செ.மீ. இதை வைத்துக்கொண்டு ஸ்கோப்பைக் குறை சொன்னால் அது பாவம்.

தோட்டா வகையையே மாற்றியிருந்தால், குழலில் பழைய மெழுகுப் பூச்சு போய்ப் புதுசு படியும் வரை சில குண்டுகள் அங்குமிங்கும் போகும். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

#3 குறிமுனை

அதே லாட்தான் அண்ணே, அதே பெட்டியில் மிச்சம் இருந்தது. உயரத்தில் குரூப் பழையபடிதான் இருக்கிறது, பக்கவாட்டில்தான் விரிகிறது. காற்றும் இல்லை, கொடி தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

#4 கணக்கன்

பக்கவாட்டு விரிசல், கன்னம் நகர்ந்தால் கம்பி நகர்வது, இரண்டுமே எனக்குப் பேரலாக்ஸ் வாசனை அடிக்கிறது. கணக்கு எளிது. முகப்புக் கண்ணாடி விட்டத்தில் பாதி. அதை, டார்கெட் தூரத்துக்கும் ஸ்கோப் வைத்திருக்கும் தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, ஸ்கோப் வைத்திருக்கும் தூரத்தால் வகுக்க வேண்டும். வருவது, கண் ஓரத்தில் இருந்தால் ஆகக்கூடிய அதிகபட்சப் பிழை.

உங்கள் 3-9×40-ஐ எடுப்போம். பாதி 20 மி.மீ. 100-இல் வைத்த ஸ்கோப்பை 50-இல் பயன்படுத்தினால் 20 × 50 ÷ 100 = 10 மி.மீ. (கெஜம், மீட்டர் வித்தியாசத்தை விட்டுவிடுங்கள், இங்கே பெரிதாக மாறாது.) சர்வதேச 50 மீட்டர் ரைபிள் டார்கெட்டில் பத்து வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ. அதாவது தலை வைக்கும் இடம் மட்டும் மாறியே பத்து கைவிட்டுப் போகலாம். இதனால்தான் ரிம்ஃபயர் (.22 போன்ற சிறு தோட்டா) என்று விற்கிற, பேரலாக்ஸ் நிலையான ஸ்கோப்புகளைப் பெரும்பாலும் 50 கெஜத்தை ஒட்டி வைக்கிறார்கள். பெரிய காலிபர் ஸ்கோப்பில் 100 அல்லது 150.

கண் நேர் நடுவில் இருந்தால் பிழை பூஜ்யம். ஆக 3-9 கெட்ட ஸ்கோப் இல்லை, இடம் மாறி வந்த ஸ்கோப்.

#5 மௌனவிசை

கணக்கன் சார் சொன்னது 3-9-க்குச் சரி. ஆனால் 6-24-இல் பக்கக் குமிழ் இருக்கிறதே, அதில் 50 என்று வைத்தால் முடிந்ததே? என்னைக் கேட்டால் 24 மடங்குதான் வில்லன். கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் என்பது முகப்பு விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தது. 50-ஐ 24-ஆல் வகுத்தால் 2 மி.மீ சொச்சம். கண்ணைத் துளி அசைத்தாலும் படம் கருக்கும். நம் நெஞ்சுத் துடிப்பைப் பெரிசாக்கிக் காட்டி மனசைக் கெடுக்கும். 10, 12-க்கு மேல் .22-க்குத் தேவையே இல்லை என்பது என் கட்சி.

#6 செம்பருந்து

கட்சி பழசு தம்பி. பெஞ்ச்ரெஸ்ட் (பெஞ்சில் தாங்கி வைத்துச் சுடும் போட்டி) ஆட்கள் 36 மடங்கிலேயே நிலையான ஸ்கோப்பில் காலங்காலமாகச் சுடுகிறார்கள். வீவர் டி-36 போன்றவை அதற்கென்றே வந்தவை, கிளிக்கும் கால் எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது பாகையில் அறுபதில் ஒன்று) அல்ல, எட்டில் ஒன்று. பழைய ஓட்டையின் ஓரத்தைப் பார்த்து அதன் மேலேயே அடுத்ததைப் போடுகிற ஆட்டத்துக்கு 12 போதாது. கையில் பிடித்து, நின்றுகொண்டு சுடுபவருக்கு நீங்கள் சொல்வது சரி. இவர் மூட்டை மேல் வைத்துச் சுடுகிறார்.

வெயிலில் கானல் ஓடும்போது மட்டும் 24-ஐ 14, 16-க்கு இறக்கிப் பாருங்கள். கானல் குறையாது, கண்ணை ஏமாற்றுவது குறையும்.

#7 தாரகை

உருப்பெருக்கச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். குமிழில் 50 என்று வைத்தால் முடிந்தது என்கிறாரே மௌனவிசை, அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. குமிழில் அச்சிட்ட எண் ஒரு குத்துமதிப்பு. பல ஸ்கோப்பில் 50 என்ற கோட்டுக்கும் உண்மையான 50-க்கும் நல்ல தூரம் இருக்கும். நம்ப வேண்டியது எண்ணை அல்ல, தலையசைப்பை.

செய்முறை இது. முதலில் கண்பக்கக் குவியம். ஸ்கோப்பை வெறும் வானத்துக்கோ வெள்ளைச் சுவருக்கோ திருப்புங்கள் (வெயில் பக்கம் வேண்டவே வேண்டாம்). வேறெங்கோ பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே பாருங்கள். பார்த்த கணமே கம்பி கூர்மையாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கண்பக்க வளையத்தைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி. உற்றுப் பார்த்துக்கொண்டே திருப்பக் கூடாது, கண் தானாகவே அட்ஜஸ்ட் செய்துகொண்டு நம்மை ஏய்த்துவிடும். கண்ணாடி போடுபவர் என்றால் சுடும்போது போடுகிற கண்ணாடியோடே இதைச் செய்ய வேண்டும்.

இதை முடிக்காமல் பக்கக் குமிழைத் தொட்டால், டார்கெட் தெளிவாகத் தெரியும் இடம் ஒன்று, பேரலாக்ஸ் அற்றுப்போகும் இடம் இன்னொன்று என்று இரண்டாகிவிடும். படம் பளிச்சென்று இருக்கும், குரூப் மட்டும் விரியும். உங்கள் கதை அச்சு அசல் இப்படித்தான் இருக்கிறது.

அப்புறம் ரைபிளை மூட்டையில் அசையாமல் அழுத்தி வைத்து, போல்ட்டைக் கழற்றி, ரைபிளைத் தொடாமல் தலையை மட்டும் இடம் வலமாக, மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். கம்பி டார்கெட் மேல் ஒட்டினாற்போல நின்றால் சரி. நகர்ந்தால் குமிழை நூலளவு திருப்பி மறுபடி. நிற்கிற இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் 50.

#8 குறிமுனை

நன்றி அக்கா, அடுத்த முறை ரேஞ்சுக்குப் போகும்போது முதல் வேலை இதுதான். ஒன்று சொல்ல விட்டுப்போனது: ரைபிள் மேல் இருப்பது 11 மி.மீ டவ்டெயில் (ரிங் மாட்டும் பள்ளம்). 30 மி.மீ ரிங் பிக்கடினிக்குத்தான் (வேறு வகை மவுண்ட் பட்டை) கிடைத்தது, அதனால் இடையில் ஒரு மாற்றுப் பட்டை. 50 மி.மீ முகப்பு குழலில் இடிக்காமல் இருக்க உயரமான ரிங். இதில் ஏதும் சிக்கல் வருமா?

#9 தாரகை

வரலாம். .22-க்கு உதையே இல்லை, அதனால் மவுண்டைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் இங்கே உதையைவிட முறுக்குதான் கெடுதல். பட்டை டவ்டெயிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாலோ, முன் ரிங்கும் பின் ரிங்கும் ஒரே கோட்டில் இல்லாவிட்டாலோ, மேல்மூடியை இறுக்கும்போது ஸ்கோப் குழாய் வளைய ஆரம்பிக்கும். உள்ளே இருக்கிற சிறு குழாயும் ஸ்பிரிங்கும் அதனால் சுதந்திரமாக நகராது. கிளிக் போட்டால் உடனே அசையாது, அடுத்த குண்டு அதிர்வில் அசையும். நாம் தோட்டாவைத் திட்டுவோம்.

மேல்மூடிகளைக் கழற்றிவிட்டு ஸ்கோப்பைக் கீழ்ப் பாதி ரிங்குகளில் சும்மா வைத்துப் பாருங்கள். ஆடாமல் இரண்டிலும் முழுசாக உட்கார வேண்டும். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் தூக்கினால் பட்டையைக் கழற்றித் துடைத்து மறுபடி பொருத்துங்கள். மூடித் திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ரிங் செய்தவர் சொல்லும் அளவே இறுதி. பெரும்பாலும் 15 முதல் 18 இஞ்ச் பவுண்டுக்குள் வரும், அதாவது 2 நியூட்டன் மீட்டர் சுமார். ஆலன் கீயின் நீளப் பக்கத்தைப் பிடித்து பலம் காட்டினால் குழாயில் வளையத் தழும்பு விழும்.

உயரமான ரிங்கின் இன்னொரு வம்பு கன்னம். கன்னம் கட்டையில் பதியாமல் தாடை மட்டும் தொட்டால் ஒவ்வொரு குண்டுக்கும் தலை வேறு இடத்தில் நிற்கும். பேரலாக்ஸ் மிச்சம் இருந்தால் அது அப்படியே டார்கெட்டில் தெரியும். கன்னக்கட்டையை உயர்த்த முடிந்தால் உயர்த்துங்கள். இல்லாவிட்டால் ஃபோம் பட்டை சுற்றினாலும் போதும், அழகு பார்க்காதீர்கள்.

#10 கணக்கன்

கிளிக் ஒழுங்காக நகர்கிறதா என்று பார்க்க குண்டே செலவழிக்க வேண்டாம். ரைபிளை அசையாத பிடியில் மாட்டி, சரியாக 50 மீட்டரில் ஒரு நீளத் தாளில் தூக்குநூல் பிடித்துக் கோடு போடுங்கள். கம்பியைக் கோட்டின் உச்சியில் வைத்து 5 மில் மேலே திருப்பினால் கம்பி 25 செ.மீ கீழே நகர வேண்டும். கோட்டை விட்டு விலகாமலும் நகர வேண்டும். திருப்பிக் கொண்டுவந்தால் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். தூரத்தை எட்டு வைத்து அளக்காதீர்கள், டேப் பிடியுங்கள். தூரத்தில் ஒரு மீட்டர் தப்பினால் 25 செ.மீ-இல் 5 மி.மீ தப்பும், அது முழுசாக ஒரு கிளிக்.

பலர் நான்கு மூலை சுற்றிச் சுட்டுவிட்டு, தொடங்கிய ஓட்டைக்கே திரும்பியது, ஸ்கோப் தேறியது என்கிறார்கள். திரும்பி வருவது வேறு, சரியான அளவு நகர்வது வேறு. ஒவ்வொரு கிளிக்கும் பத்து சதவீதம் குறைவாக நகர்கிற ஸ்கோப்பும் அழகாகத் திரும்பி வரும்.

#11 செம்பருந்து

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கிளிக் எல்லாம் சரி, ஆனால் ஜீரோ (குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி வைத்த அமைப்பு) நிற்கிறதா என்று சந்தேகம் இருந்தால் பழைய 4-12-ஐ மறுபடி மாட்டி அதே லாட்டில் ஒரு குரூப். அது 12-க்குத் திரும்பினால் ரைபிளும் தோட்டாவும் நீங்களும் குற்றமற்றவர்கள். பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய் மூன்றாவது ஸ்கோப் வாங்குகிறார்கள்.

குரூப்பும் ஐந்து குண்டில் ஒன்று மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஐந்து குண்டு குரூப் காரணமே இல்லாமல் சிறுசும் பெரிசுமாக ஆடும். பத்து குண்டு குரூப்பாக சில போட்டால்தான் 12-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் நிஜமா என்று தெரியும்.

#12 குறிமுனை

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பழைய 4-12 பழையபடியே. அக்கா சொன்ன மாதிரி 6-24-இன் கண்பக்கக் குவியத்தை வைத்துவிட்டு, தலையசைத்துக் குமிழைத் திருப்பினேன். கம்பி நின்ற இடம் குமிழில் 50-இல் இல்லை, 60-ஐத் தாண்டிப் போய் இருந்தது! வெள்ளைக் கோடு போட்டாயிற்று. மாற்றுப் பட்டை சரியாகவே உட்கார்ந்திருந்தது. கன்னக்கட்டையை உயர்த்தினேன்.

பத்து குண்டு குரூப்புகள் 13 முதல் 15 மி.மீ. பக்கவாட்டு விரிசல் போயே போய்விட்டது. ஐந்து மில் சோதனையில் 25 செ.மீ-க்கு ஒரு கிளிக் கூடக் குறையவில்லை. மௌனவிசைக்காக 12 மடங்கிலும் ஒரு குரூப் போட்டேன், 14 மி.மீ. சண்டை டிரா.

#13 மௌனவிசை

டிராவை ஏற்றுக்கொள்கிறேன் 😄 ஆனால் கண் வலி எதில் குறைவு என்று அவரே சொல்லட்டும்.

சரி, நான் ஒன்று கேட்கிறேன். என்னிடம் ஸ்பிரிங் ஏர் ரைபிள் ஒன்று இருக்கிறது. மிச்சமான அந்த 3-9-ஐக் குறிமுனை தந்தால் அதில் மாட்டலாமா? பெரிய காலிபரின் உதையையே தாங்கியது, ஏர் ரைபிள் என்ன செய்துவிடும்?

#14 வளையக்குறி

வேண்டாம், கெட்டுப்போகும். நான் ஏர் ரைபிளில் ஃபீல்ட் டார்கெட் சுடுகிறவன். வெடிமருந்துத் துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் ஏர் ரைபிளில் பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும், பிஸ்டன் முனையில் போய் அறைந்து நிற்கும்போது சடக்கென்று முன்னால் இழுக்கும். பின்உதையை மட்டும் எண்ணிக் கட்டிய ஸ்கோப்பில் கண்ணாடியும் கம்பியும் எதிர்ப்பக்க அடிக்குத் தயாராக இருக்காது. ஏர்கன்னுக்குத் தாங்கும் என்று செய்தவரே எழுதியிருந்தால்தான் மாட்ட வேண்டும். மவுண்டிலும் நிறுத்தும் பின் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்கோப் மெல்ல மெல்லப் பின்னால் ஊர்ந்து வரும். முன்கூட்டியே காற்றடைத்த பிசிபி வகையில் இந்தத் தொல்லை இல்லை.

பேரலாக்ஸும் உதவாது. கணக்கன் சாரின் சூத்திரத்திலேயே போடுங்கள்: 100-இல் வைத்த 40 மி.மீ ஸ்கோப், 10 மீட்டர் டார்கெட். 18 மி.மீ வரை பிழை. படமும் மங்கலாகத்தான் தெரியும்.

எங்கள் ஆட்டத்தில் பேரலாக்ஸ் குமிழே தூரமானி. உலகப் போட்டி விதிப்படி 9 முதல் 50 மீட்டர் வரை டார்கெட், விழ வைக்கும் வட்டம் 15 முதல் 40 மி.மீ, தூரம் சொல்ல மாட்டார்கள். அதனால் குமிழில் பெரிய சக்கரம் மாட்டி, படம் கூர்மையாகும் இடத்தில் நாமே தூரத்தைக் குறித்து வைத்துக்கொள்வோம். இதிலும் ஒரு தலைவலி: வெப்பம் மாறினால் குறித்த இடமும் நகரும். குறிமுனை, நீங்கள் போட்ட வெள்ளைக் கோட்டையும் நல்ல குளிரில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

#15 இலக்குப்பிரியை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் 50 மீட்டர் பிரோன் (படுத்துச் சுடுவது) பழகுகிறேன். இந்த மாதிரி ஸ்கோப் மாட்டிப் போட்டியில் சுடலாமா?

#16 செம்பருந்து

ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) 10 மீட்டர், 50 மீட்டர் ரைபிள் போட்டிகளில் ஸ்கோப் கூடாதும்மா. துளைக் குறி மட்டும்தான். பெஞ்ச்ரெஸ்ட், ஃபீல்ட் டார்கெட் போன்றவற்றில் உண்டு. அவற்றிலும் சில பிரிவுகளில் உருப்பெருக்கத்துக்கு உச்சவரம்பு இருக்கும், வாங்கும் முன் அந்தப் பிரிவின் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள். பயிற்சியில் விசையை இழுக்கும் தருணத்தில் குறி எப்படி அசைகிறது என்று பார்க்க வேண்டுமானால் ஸ்கோப் நல்ல வாத்தியார்.

#17 குறிமுனை

கடைசியாக 100 மீட்டர். 50-இல் ஜீரோ செய்த பிறகு எத்தனை மில் ஏற்ற வேண்டும்? 20 எம்ஓஏ சாய்வுப் பட்டை (ஸ்கோப்பை முன்னால் தாழ்த்தி, ஏற்ற அதிக இடம் தருவது) இப்போதே போட்டுவிடலாமா?

#18 கணக்கன்

சாதாரண வேகத் தோட்டாவுக்கு 2 மில்லுக்குக் கொஞ்சம் மேலே, அதாவது 100 மீட்டரில் 22 செ.மீ அளவில். அங்கிருந்து சுட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்கோப்பில் இதற்குத் தாராளமாக இடம் இருக்கும், 100-க்காகச் சாய்வுப் பட்டை தேவையில்லை. 200-க்குப் போகும்போது யோசிக்கலாம்.

பட்டைக்குச் செலவழிப்பதைவிட ரசமட்டம் ஒன்று ஸ்கோப் குழாயில் மாட்டுங்கள். 100 மீட்டர் போவதற்குள் .22 குண்டு குழலின் நேர்கோட்டில் இருந்து அரை மீட்டர் விழுகிறது. ரைபிள் 3 பாகை சாய்ந்தால் அந்த அரை மீட்டரில் 2.6 செ.மீ பக்கவாட்டில் போய்விடும். 50-இல் இதுவே 6 மி.மீ-தான், அதனால் இதுவரை உங்களுக்குத் தெரிந்திருக்காது. மட்டத்தை மாட்டும்போது ரைபிளின் மேல்பகுதியை வைத்து ஒத்துப்பார்க்காதீர்கள். தூக்குநூலைத் தொங்கவிட்டு, செங்குத்துக் கம்பியை அதோடு பொருத்திவிட்டு, அந்த நிலையில் குமிழி நடுவில் நிற்கும்படி மட்டத்தை இறுக்குங்கள்.

#19 தாரகை

100-க்குத் தனியாக ஒரு வெள்ளைக் கோடும் வேண்டும். 50-இன் கோட்டை வைத்துக் கணக்குப் போட்டு ஊகிக்க வேண்டாம், அங்கே போய்த் தலையசைத்தே குறியுங்கள்.

#20 குறிமுனை

ரசமட்டத்துக்குச் சொல்லியாயிற்று. 3-9 நண்பரிடமே திரும்பிப் போகிறது. மௌனவிசை மன்னிக்க வேண்டும்.